சுஜாதா: வேகத்தின் விலை

சுஜாதாவை (1935–2008) வணிக எழுத்தாளர் என்று ஒதுக்குவது நமக்குச் சௌகரியம், நேர்மையல்ல. அவருடைய 'கணையாழி' கடைசிப் பக்கங்களைச் சிலாகிக்கும் நாமே அம்பத்தூர் மின்ரயிலில் கணேஷ்–வஸந்த் கதைகளை ஒளித்துப் படிக்கிறோம்.

அவருடைய குறுகிய வாக்கியம் தமிழ் உரைநடையின் ஊளைச்சதையைக் குறைத்தது. வாரத் தொடரின் கெடு அதைக் கூராக்கியது. 'ரோஜா' (1992), 'இந்தியன்' (1996) படங்களின் வசனத்துக்கும் அதுவே கைகொடுத்தது. ஆனால் அதே கெடு, பாத்திரம் தன் துயரத்தில் தங்கும் அவகாசத்தைப் பறித்தது.

'நகரம்' சிறுகதையில், மதுரை ஆஸ்பத்திரியில் அலைக்கழியும் வள்ளியம்மாளுக்குச் சாமர்த்தியமான தப்பித்தல் எதுவும் இல்லை. நோயுற்ற மகளோடு ஊருக்கே கிளம்பிவிடுகிறாள். இது கைவந்தவர் ஏன் இங்கேயே அதிகம் தங்கவில்லை? குற்றத்தில் பாதி, திட்டிக்கொண்டே ரசித்த நம்முடையது.