ஹேடீஸின் கைகளைப் பாருங்கள்

கிரேக்கப் புராணத்தின் பாதாள அரசன் ஹேடீஸைக் கலையில் ரசிக்க வேண்டுமா? முதலில் எமனையும் சாத்தானையும் மனத்திலிருந்து விலக்கிவிடுங்கள். உயிரைப் பறிப்பவன் தனடோஸ். ஆவிகளை வழிகாட்டி அழைத்து வருபவன் ஹெர்மீஸ். தீர்ப்புச் சொல்ல மினோஸ் முதலிய மூவர் இருக்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிவிடாமல் ஆள்வது மட்டுமே ஹேடீஸின் பொறுப்பு. அந்த நாடும் அவன் விரும்பிக் கேட்டதல்ல. சகோதரர் மூவரும் சீட்டுப் போட்டதில் ஜீயஸுக்கு வானமும் பொசைடனுக்குக் கடலும் இவனுக்குப் பாதாளமும் விழுந்தன.

இவன் பெயரைச் சொல்லவே கிரேக்கர்கள் அஞ்சினார்கள். கோயில்களும் சிலைகளும் அரிது. கலைஞர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டது பெர்செஃபோனியின் கதையைத்தான். பூப்பறித்துக்கொண்டிருந்த அவளை ஹேடீஸ் தேரில் தூக்கிச் செல்கிறான். தாய் டிமீட்டரின் துயரத்தில் பயிர்கள் பொய்க்கின்றன. மகள் மீள்கிறாள், ஆனால் அங்கே மாதுளை விதையைத் தின்றுவிட்டதால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்தில் கழித்தாக வேண்டும்.

இக்கதையைச் சொல்லும் மூன்று படைப்புகளில், கைகளை மட்டும் கவனியுங்கள்.

முதலாவது, வட கிரேக்கத்தின் வெர்கினாவில் 1977இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறைச் சுவரோவியம். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹேடீஸ் ஒரு கையால் பெர்செஃபோனியை இறுக்கியிருக்கிறான். அவளுடைய இரு கைகளும் வெளியே நீண்டு தவிக்கின்றன. சில விரைவான கோடுகளிலேயே தேரின் வேகம் வந்துவிடுகிறது. பக்கத்துச் சுவரில் டிமீட்டர் தனியே அமர்ந்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இரண்டாவது, ரோமின் போர்கேசே கலைக்கூடத்தில் இருக்கும் பெர்னினியின் பளிங்குச் சிலை. 1621-22இல், 23 வயதுக்குள் அவர் செதுக்கியது. பெர்செஃபோனியின் தொடையில் ஹேடீஸின் விரல்கள் புதைகின்றன. கல் சதையாகக் குழிகிறது. சிற்பியின் திறனை வியந்து அங்கேயே நின்றுவிடாதீர்கள். மேலே பாருங்கள்: அவள் உள்ளங்கை அவன் முகத்தைத் தள்ளுகிறது, தோல் சுருங்குகிறது, அவள் கன்னத்தில் கண்ணீர். எத்தனை அழகாகச் செதுக்கினாலும் இது வன்முறைதான் என்பதைப் பெர்னினி மறைக்கவில்லை.

மூன்றாவது, தென் இத்தாலியின் லோக்ரியில் கிடைத்த சிறிய சுடுமண் பலகைகள், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பெர்செஃபோனிக்குக் காணிக்கையாக வைக்கப்பட்டவை. சிலவற்றில் இருவரும் அரியணையில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். அவள் கையில் சேவலும் கதிரும். பிடியும் இல்லை, போராட்டமும் இல்லை. தூக்கிச் செல்லப்பட்ட பெண் அங்கே அரசியாகிவிட்டாள். பக்தர்கள் வேண்டிக்கொண்டது அவளிடம்தான்.

காலத்தில் லோக்ரிதான் மூத்தது. கதையில் அதுவே முடிவு. அதனால் அதைக் கடைசியில் பாருங்கள். ஹேடீஸை வெறும் கொடியவனாகவோ காதலனாகவோ சுருக்கும் படைப்புகளைவிட இம்மூன்றும் மேலானவை. பார்ப்பதற்கு முன், ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடலைப் படித்துவிடுங்கள். ஐந்நூறு வரிக்குள்தான், ஒரு மாலைப்பொழுது போதும்.