மூன்று முகடுகள் சொல்வதும் சொல்லாததும்

ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பதிவு பாதி புரிந்த மாதிரி. பூ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிற கல்லென்றால், அடுத்த கல்லை அதே வாட்டத்தில் வைக்கலாம், திருப்பியும் வைக்கலாம். கல் ஒன்றுதான், தரை வேறாகிவிடும்.

கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் அக்ரிலிக் ஷீட்டிலும் இதே கதைதான். அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி. அடுத்தடுத்த இரண்டு அலகுகள் ஒரே வாட்டமாக இருந்தால் மீசோ, எதிர் வாட்டமாக இருந்தால் ரசீமோ. எல்லாமே மீசோ என்றால் ஐசோடாக்டிக். சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். எல்லாமே ரசீமோ என்றால் சிண்டியோடாக்டிக். 120 டிகிரி தாண்டியும் விறைப்பாக நிற்கும். வேதிப்பெயர் ஒன்றே, நடத்தை வேறு.

இந்த வாட்டத்தை எண்ணிக் காட்டிய முக்கியமான கட்டுரை 1960-ல் ஜர்னல் ஆஃப் பாலிமர் சயின்ஸ் இதழில் போவி, டயர்ஸ் இருவரும் எழுதியது. என்எம்ஆர் நிறமாலையில் மெத்தில் புரோட்டான்கள் மூன்று முகடுகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு மெத்திலும் தன் இரு பக்கத்து அண்டை வீட்டாரையும் உணர்கிறது: இருபுறமும் மீசோ, ஒருபுறம் மட்டும் மீசோ, இருபுறமும் ரசீமோ.

சரி, எந்த முகடு எது? இதற்கு அவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்த இடம். நடுவிலுள்ள மெத்திலீனைப் பார்த்தார்கள். மீசோவில் அதன் இரண்டு ஹைட்ரஜன்களுக்கும் சூழல் வேறுவேறு, அதனால் நான்கு கோடுகள். ரசீமோவில் ஒரே சூழல், ஒற்றைக் கோடு. எக்ஸ்ரே சாட்சி தேவையில்லை. நிறமாலையே தன்னை அடையாளம் சொல்லிவிட்டது.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு அலகும் நாணயம் சுண்டிச் சேர்கிறது, மீசோ விழும் வாய்ப்பு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முகடுகளும் 4, 32, 64 சதவீதம் என வர வேண்டும். முதலையும் மூன்றாவதையும் பெருக்கி நான்கால் பெருக்கினால் நடு எண்ணின் வர்க்கம் வரும்: இரண்டுமே 1024. நாணயம் எதுவானாலும் இந்தச் சமன்பாடு நிற்கும், அதனால் இது நல்ல சோதனை. தனி உறுப்பு வினைவழியில் செய்த பாலிமர் இதற்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. எதிரயனி வழியில் செய்தது ஒத்துப்போகவில்லை.

என் குறை இங்கேதான், அதுவும் கட்டுரையின் மேல் இல்லை. அதைப் பின்பற்றியவர்கள் சாதாரணமாகச் சொல்லும் "வரிசையை என்எம்ஆர் வெளிப்படுத்துகிறது" என்ற வாக்கியத்தின் மேல். வரிசை எங்கே வெளிப்பட்டது? கிடைத்தது எண்ணிக்கை. ஒரு நூலில் எந்த மூன்றெழுத்துக் கூட்டு எத்தனை தடவை வருகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் நூலைத் திரும்ப எழுதிவிட முடியுமா?

ஒரு எடுத்துக்காட்டு. ஐசோடாக்டிக் சங்கிலிகளையும் சிண்டியோடாக்டிக் சங்கிலிகளையும் சரிபாதி கலக்கிறோம். இன்னொரு மாதிரியில் ஒவ்வொரு சங்கிலியிலும் பாதி ஐசோ, மறுபாதி சிண்டியோ. முகடுகளின் பரப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, ஏனென்றால் நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு ஒட்டிடம் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். ஆனால் முதலாவதைக் கரைத்துப் பிரிக்க வழியிருக்கிறது, இரண்டாவதைப் பிரிக்கவே முடியாது. 'நாணயம் இல்லை' என்று சமன்பாடு சொல்லும். 'அப்படியானால் என்ன' என்று சொல்லாது.

இரண்டு வகை அலகுகள் கலந்த பாலிமர்களில் சிக்கல் இன்னும் கூடும். எந்த அலகு, எந்த வாட்டம் என்ற இரண்டு கேள்விகளும் ஒரே முகட்டுக்குள் மோதும். ஐஐடி டெல்லியில் ஏ. எஸ். பிரார் குழு எச்எஸ்க்யூசி, டாக்ஸி போன்ற இருபரிமாண முறைகளால் இவற்றைப் பிரித்தெடுத்துப் பல கட்டுரைகள் தந்தது. அந்த உழைப்பின் மதிப்பு அழகான படத்தில் இல்லை. முகட்டுக்குப் பெயர் வைக்க மாதிரிக் கணக்கை மட்டுமே நம்ப வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. கணக்கை வைத்துப் பெயர் சூட்டி, பிறகு அந்தப் பெயரை வைத்தே கணக்கு சரி என்று சொன்னால், நம்ம துறையில் அதற்குப் பெயர் தன் நிரலுக்குத் தானே எழுதிய டெஸ்ட். அது எப்போதும் பாஸ் ஆகும்.

ஆகவே இந்த மாதிரிக் கட்டுரை கையில் கிடைத்தால் நான் முதலில் இரண்டு விஷயம் தேடுகிறேன். முகடுகளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? கலவையா, ஒரே சங்கிலியா என்பதை வேறு எந்தச் சோதனை பிரித்துக் காட்டியது? 1960 கட்டுரை முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குகிறது. இரண்டாவதற்கு அந்த மூன்று முகடுகள் மட்டும் போதாது.