அந்தக் கடைசிச் சண்டையில் போ ஜெயித்தது நியாயம்தான்

'குங்ஃபூ பாண்டா' 2008-இல் வெளிவந்த நாளிலிருந்து அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகவே இருக்கிறார்கள். பெண்புலி டைகிரஸ் சின்ன வயதிலிருந்து குங்ஃபூவைத் தவிர வேறொன்றும் அறியாதவள். இரும்புமரத்தைத் தினமும் குத்திக் குத்தி, இருபது ஆண்டுகளில் கையில் வலியே தெரியாமல் போனவள். அவள் நிற்க, நூடுல்ஸ் கடையில் தட்டு தூக்கிக்கொண்டிருந்த குண்டுப் பாண்டா போவுக்கு 'டிராகன் வாரியர்' பட்டமா? சில நாள் பயிற்சியில் தை லுங் மாதிரி ஒரு மல்லனை அவன் சாய்க்க முடியுமா? டைகிரஸ் கட்சிக்காரர்கள் இதை அநியாயம் என்கிறார்கள். போ கட்சிக்காரர்கள் "காமெடிப் படம்தானே, விடுங்கள்" என்று சமாதானம் சொல்கிறார்கள். இந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. சண்டையைச் சண்டையாகவே எடைபோட்டாலும் போவின் வெற்றி செல்லும்.

முதலில் எதிராளியைப் பார்ப்போம். தை லுங் பனிச்சிறுத்தை. குங்ஃபூ ஆசான் ஷிஃபு வளர்த்த பிள்ளை, ஆயிரம் ஏட்டுச்சுருள் குங்ஃபூவையும் கரைத்துக் குடித்தவன். அவன் சிறையிலிருந்து தப்பும் காட்சி ஒன்றே போதும். ஒரே கைதிக்காக ஆயிரம் காவலர்கள். உடம்பு அசையாதபடி முதுகில் பூட்டிய கவசம். காற்றில் மிதந்து வந்த ஒரு வாத்து இறகு அவனிடம் சிக்குகிறது, பூட்டு திறக்கிறது. அதற்குப் பிறகு தன் மேல் பாய்ந்த அம்புகளையே படியாக்கி ஏறுகிறான். எதிரியின் ஆயுதத்தைத் தனக்குச் சாதகமாகத் திருப்புவதுதான் அவன் பாணி.

அடுத்தது கயிற்றுப் பாலம். டைகிரஸ், குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஐவரும் ஒன்றாக மோதுகிறார்கள். கூட்டுச் சண்டையில் இதைவிட நேர்த்தியானதை நான் அனிமேஷனில் பார்த்ததில்லை. அறுந்த பாலத்தைப் பூச்சி ஒருவனே இழுத்துப் பிடிக்கிறான், பாம்பு தை லுங்கின் கையில் சுற்றிக்கொண்டு அவன் குத்தை அவன் மேலேயே திருப்புகிறாள். அப்படியும் தோற்கிறார்கள். காரணம் தெளிவானது. ஐவரும் ஆடுவது புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, பூச்சி என்று சீனக் குங்ஃபூவில் பெயர் பெற்ற முறைகள். அவை எல்லாம் தை லுங் படித்து முடித்த பாடம். அடி எங்கிருந்து கிளம்பும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பிறகு கொக்கைத் தவிர மற்ற நால்வருக்கும் விரல் நுனியால் ஆளுக்கொரு வர்ம அடி, அதோடு அவர்கள் சிலையாகிவிடுகிறார்கள். டைகிரஸ் இன்னும் பத்து வருடம் பயிற்சி எடுத்திருந்தாலும் அன்று இதேதான் நடந்திருக்கும். குறை அவள் திறமையில் இல்லை. அவள் கற்றது முழுவதும் அவனுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

போவிடம் இருப்பது எந்த ஏட்டிலும் இல்லாத உடம்பு. தை லுங் அதே வர்ம அடியை அவன் மேல் பிரயோகிக்கும்போது நரம்பை எட்டவே முடியவில்லை, இடையில் அத்தனை கொழுப்பு. போவுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் ஆகிறது. அடுத்து தை லுங் இரண்டு உள்ளங்கையாலும் அவன் வயிற்றில் அறைகிறான். அந்த அதிர்ச்சி தொப்பையில் அலையாகப் புறப்பட்டு உடம்பு முழுக்க ஓடி, போவின் கைகள் வழியாகத் தை லுங்குக்கே திரும்புகிறது. 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மேனின் குத்துகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, எட்டாவது சுற்றில் அவரைச் சாய்த்தார். அடி வாங்குவதையே உத்தியாக்கியவர்கள் நிஜமான களத்திலும் இருந்திருக்கிறார்கள்.

பயிற்சி போதவில்லை என்ற வாதத்துக்கும் படத்திலேயே பதில் இருக்கிறது. சமையல் அறையில் பிஸ்கட்டுக்காக உயரத்து அலமாரியில் போ இரண்டு காலையும் நேர்கோட்டில் விரித்துத் தொங்குவதை ஷிஃபு பார்த்துவிடுகிறார். இவனுக்குச் சோற்றைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குப் புரிகிற இடம் அது. பிறகு மலையுச்சியில் அந்த டம்ப்ளிங் சண்டை. ஒரு கிண்ணம் நிறையக் கொழுக்கட்டைகள். போ கை நீட்டும்போதெல்லாம் ஷிஃபு பறித்து வாயில் போட்டுக்கொள்கிறார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. குச்சிக்குக் குச்சி மோதுகிறது, கிண்ணம் பறக்கிறது, கொழுக்கட்டை இவர் குச்சியிலிருந்து அவன் குச்சிக்கும் அங்கிருந்து காற்றுக்கும் தாவுகிறது. எது யார் கை, எது எங்கே போகிறது என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. முடிவில் போ அதைக் கைப்பற்றி, பசியில்லை என்று ஆசானிடமே வீசுகிறான்.

இனி தை லுங்குடன் நடக்கும் சண்டையின் முதல் பாதியைத் திரும்பப் பாருங்கள். கொழுக்கட்டையின் இடத்தில் தை லுங் பறிக்கத் துடிக்கும் ஏட்டுச்சுருள், கிண்ணத்தின் இடத்தில் கடைத்தெருவின் பெரிய வாணலிகள், குச்சிகளின் இடத்தில் மூங்கில் கழிகள். மலையுச்சியில் படித்த அதே பாடத்தைத்தான் போ இங்கே பெரிய அளவில் எழுதுகிறான். இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுமானம் தானாக அமையவில்லை. சண்டைகளை வடிவமைத்த ரொடால்ஃப் கெனோடென் அனிமேஷன் கலைஞர், குங்ஃபூ பயின்றவரும்கூட. சக கலைஞர்களுக்கு அவரே வகுப்பெடுத்தார். பின்னால் ஹாங்காங் சினிமாவின் முழு மரபும் நிற்கிறது. 1978-இல் யுவென் வூ-பிங் இயக்கிய 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் பொறுப்பில்லாத பையன் ஜாக்கி சானைக் குடிகாரக் கிழவர் வாட்டி எடுத்து வீரனாக்குவார். அதே ஆண்டு சம்மோ ஹங் 'என்டர் தி ஃபேட் டிராகன்' எடுத்து, தொந்தியை வைத்துக்கொண்டு புரூஸ் லீயின் வேகத்தில் சுழன்றார். போ இந்த இருவரின் வாரிசு. ஜாக்கி சானே இதில் குரங்குக்குக் குரல் கொடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

இந்தப் படத்தைப் பற்றிய மிகச் சூடான விவாதம் நடந்தது சீனாவில்தான். 2008 மே மாதம் சிச்சுவான் நிலநடுக்கம். பாண்டாக்களின் தாயகமும் அதே மாகாணம்தான். ஜூனில் படம் வந்தபோது ஓவியர் ஜாவ் பான்டி புறக்கணிக்கச் சொன்னார், சிச்சுவானில் திரையிடல் தள்ளிப்போனது. ஆனாலும் சீனாவில் 10 கோடி யுவான் வசூலைத் தாண்டிய முதல் அனிமேஷன் படம் இதுதான். பாண்டாவும் நம்முடையது, குங்ஃபூவும் நம்முடையது, படத்தை மட்டும் நாம் ஏன் எடுக்கவில்லை என்று பீக்கிங் ஓபரா நிறுவனத்தின் தலைவர் வூ ஜியாங் வெளிப்படையாகக் கேட்டார். இயக்குநர் லூ சுவான் தன் அனுபவத்திலிருந்தே பதில் சொன்னார். ஒலிம்பிக்குக்காக ஓர் அனிமேஷன் படம் எடுக்கப் போனபோது, பண்பாட்டைப் பரப்பு என்று மேலிருந்து வந்த கட்டளைகளில் படத்தின் குதூகலமே வற்றிப்போனது என்று எழுதினார். இந்தப் படத்துக்கு உலகத்தில் வந்த விமர்சனங்களிலேயே எனக்கு மிகவும் மதிப்பானது அந்த இருவர் பேச்சுதான். பிறர் படைப்பைப் பாராட்டி, தன் வீட்டுக் குறையைத் தேடிய பேச்சு. 2019-இல் 'நே ஜா', 2025-இல் அதன் இரண்டாம் பாகம் என்று வசூல் சரித்திரம் படைத்த சீன அனிமேஷனின் பாதையில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

'குங்ஃபூ பாண்டா'வின் இரண்டாம் பாகம் (2011) முதலாவதைவிடச் சிறந்தது என்போர் ஏராளம், நானும் அவர்கள் பக்கம். ஜெனிஃபர் யூ நெல்சன் இயக்கியது. வில்லன் ஷென் ஒரு மயில். உடல்பலம் குறைவு, ஆனால் இறகுகளில் கத்தி, கூடவே பீரங்கி. போவின் பலம் நெருங்கிப் போவதில் இருக்கிறது, ஷென்னின் பலம் நெருங்க விடாததில். நெருங்கிய நேரத்திலும் அந்த இறகில் இருக்கும் கண் வடிவம் போவின் பால்ய நினைவைக் கிளறி அவனை உறைய வைக்கிறது. அவன் ஏன் தோற்கிறான் என்று குழந்தைக்கும் விளங்கும். தொடக்கத்தில் ஷிஃபு ஒரு நீர்த்துளியைக் கையில் உருட்டிக் காட்டும் அசைவைக் கொண்டே கடைசியில் பீரங்கிக் குண்டுகளைத் திருப்பிவிடுகிறான்.

மூன்றாம் பாகம் (2016) பாதிக் கிணறு. பாண்டா கிராமத்து மக்கள் அன்றாடம் விளையாடும் விளையாட்டையே சண்டை முறையாக்கும் இடம் அருமை. காய் என்ற காளை வில்லன் மனதில் ஒட்டவில்லை.

நான்காம் பாகம் (2024) முந்தையதைவிடச் சற்று அதிகமாகவே வசூலித்தது. ரசிகர்கள் மட்டும் மனம் நொந்து வந்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஐவரும் படம் முழுக்கக் காணோம், கடைசியில் வாய் திறக்காமல் வந்து நிற்கிறார்கள். பச்சோந்தி வில்லி எந்த உருவமும் எடுப்பாள், எந்த ஆசானின் கலையையும் உறிஞ்சிக்கொள்வாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் திருடிய கலை ஒவ்வொன்றும் சண்டையில் எப்படி வெளிப்படுகிறது என்பதை நின்று காட்டவில்லை. தை லுங் திரும்பி வந்தும் அந்தப் பழைய வர்ம அடியின் பயம் திரும்பவில்லை. மலை விளிம்பில் சாயும் சத்திரத்துக்குள் நடக்கும் அடிதடி ஒன்றில்தான், தரை எந்தப் பக்கம் சாய்கிறது, யார் எங்கே சறுக்குகிறார் என்று கண் நிதானமாகப் பின்தொடர முடிகிறது. மற்ற இடங்களில் வேகம் மட்டும் இருக்கிறது. முதல் மூன்று படங்களுக்கு 13 முதல் 15 கோடி டாலர் வரை செலவிட்டவர்கள் இதற்கு ஒதுக்கியது சுமார் 8.5 கோடி. சிக்கனம் என்று சொல்லலாம். ஆனால் கொழுக்கட்டைச் சண்டையில் இருந்தது ஒரு மேசையும் ஒரு கிண்ணமும் இரண்டு ஆட்களும்தான்.

இன்னொரு பாகம் வருமானால் ரசிகர்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டைகிரஸுக்கு ஒரு தனிச் சண்டை. அவளுக்குச் சமமான ஓர் எதிரி, ஒரே இடம், இரண்டு நிமிடம். போவின் உதவியில்லாமல் அவளே ஜெயிக்கட்டும், அல்லது தோற்கட்டும். ஏன் என்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.