பூச்சுத் தேக்கு

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டு வாசற்கதவு தேக்கு என்றுதான் முப்பது வருஷங்களாக நம்பியிருந்தேன். போன ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஊறிப் பெயர்ந்தபோது, உள்ளே வெளுத்த ஏதோ மட்டமரம் தெரிந்தது. தேக்கு முழுவதும் வர்ணம்! சுற்றிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். என்ன டச் என்று கேட்காமல் யாரும் வெள்ளியைக் கையில் வாங்காத பேட்டை. அங்கே அப்பா இப்படி ஒரு கதவை மாட்டி வைத்திருந்தாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுரண்டிவிட்டு ஒரே நிறமாக அடித்துவிடலாம் என்று பெயிண்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

அவர் கதவைத் தடவிப் பார்த்தார். "இதையா சுரண்டச் சொல்றீங்க சார்? போட்டது நல்ல கைங்க. குறுக்குச் சட்டத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். நெடுஞ்சட்டங்களில் வரி மேலிருந்து கீழாக ஓடியது. குறுக்குச் சட்டங்களில் இடமிருந்து வலமாக. இரண்டும் சேரும் மூலையில் வெட்டினாற்போல் நின்றது. தச்சன் இணைத்த இடத்தைப் பெயிண்டர் மதித்திருக்கிறான். மரத்தின் நடுவாக அறுத்த பலகையில் வரி நேராக விழும். ஓரத்தில் அறுத்ததில் முகடு முகடாக வளைந்து ஏறும். இந்தக் கதவில் சட்டங்களுக்கு நேர்வரி, நடுப்பலகைக்கு வளைவு. ஒரே ஒரு கணு. ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல வரிகள் அதை ஒதுங்கிப் போயின.

வேலையின் முறை எளிது. வெளிர்மஞ்சளில் அடிப்பூச்சு, அது உலர்ந்தபின், ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் விட்டுக் கரைத்த பழுப்பு மெல்லிசாக அதன்மேல். காய்வதற்குள் ரப்பர் சீப்பால் இழுத்து, பழைய பனியன் துணியால் ஒற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் வரியின் கூர்மையைத் தணித்து, கடைசியில் வார்னிஷ். பூசியதை எடுக்க எடுக்கத்தான் மரம் வருகிறது.

இதையெல்லாம் பொய் என்று ஒதுக்கியவர் ஜான் ரஸ்கின். 1849-ல் வெளிவந்த 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' என்ற நூலில் கட்டட மோசடிகள் மூன்று என்கிறார். அவற்றில் ஒன்று, ஒரு பொருளை வேறொன்றாகக் காட்டும் வர்ணப் பூச்சு. ஆனால் அவரே ஒரு சலுகையும் தருகிறார். கட்டடத்தில் தங்க முலாம் மோசடியல்ல. அதை யாரும் தங்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. நகையில் அது மோசடி. இந்த நியாயம் எங்கள் பேட்டைக்காரர்களுக்கு உடனே புரியும். இதன்படி பார்த்தால் என் கதவு மேஸ்திரிக்கு நிஜம், எனக்குப் பொய். குற்றம் கதவின் பேரிலா, முப்பது வருஷம் பார்க்காமலே பார்த்த என் கண்ணின் பேரிலா?

கியூபிச ஓவியர் பிராக்கின் தகப்பனார் வீட்டுக்கு வர்ணம் அடிப்பவர். அந்தத் தொழிற்சீப்பையே மகன் தன் ஓவியங்களில் இழுத்தான், பிக்காஸோவுக்கும் கற்றுக்கொடுத்தான். 1912-ல் ஓக் வரி அச்சிட்ட சுவர்க்காகிதத்தை வாங்கிப் படத்தின்மேலேயே ஒட்டினான். ஏமாறுவதற்கு அங்கே இடமில்லை. இது போலி என்று தெரிந்தே ரசிக்கிறோம்.

எனக்கு உறுத்தியது வேறு. என் இரண்டாவது நாவலில் பட்டறைக்காரர்களின் பேச்சை அப்படியே கொண்டுவந்துவிட்டதாகப் பத்திரிகைகளில் பாராட்டினார்கள். கதவைப் பார்த்த அன்றிரவு எடுத்துப் புரட்டினேன். வாக்கியத்துக்கு ஒரு வட்டாரச் சொல் என்று சீப்பை இழுத்திருக்கிறேன். கோபத்தில் கத்துகிறவனுக்கும் கடன் கேட்டு நிற்கிறவனுக்கும் ஒரே வரி. எந்த மூலையிலும் அது நிற்கவில்லை. ரஸ்கின் வரவேண்டியது அங்கேதான்.

இப்போது கடைகளில் தேக்கு வரி அச்சிட்ட பிளாஸ்டிக் கதவுகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரே கணு, ஒரே உயரத்தில், பத்துக் கதவிலும். அதைப் போலி என்று சொல்லக்கூட மனம் வரவில்லை. போலி செய்கிறவன் ஒரு தடவையாவது மரத்தைப் பார்த்தாக வேண்டும்.

கதவைச் சுரண்டவில்லை. மேஸ்திரி அடிப்பக்கம் பட்டி பார்த்து, ஒரு சாண் உயரத்துக்கு வரி போட்டுக் கொடுத்தார். நிறம் கொஞ்சம் இளசாகத் தெரிகிறது. இரண்டு கோடை போனால் சேர்ந்துவிடும் என்கிறார்.