ஏற்றத்தாழ்வை அளந்த ஊராய்வுகள்

வளரும் நாடுகளில் வருமானம் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வோடு பங்காகிறது? நாட்டுக் கணக்கை வைத்து இதற்கு விடை சொன்னவர்களின் பெயர்களே பாடநூல்களில் முதலில் வரும். கிராமத்தில் வேலைக்கு மிஞ்சிய கைகள் இருக்கும்வரை ஆலையில் கூலி உயராது, லாபம்தான் உயரும் என்றார் ஆர்தர் லூயிஸ், 1954-இல். வளர்ச்சியின் தொடக்கத்தில் இடைவெளி விரியும், பிறகு சுருங்கும் என்று அடுத்த ஆண்டே எழுதினார் சைமன் குஸ்நெட்ஸ். தம் கட்டுரையில் ஐந்து விழுக்காடுதான் தகவல், மற்றது ஊகம் என்று அவரே எச்சரித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் வளைகோட்டை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அதே கேள்வியை ஊருக்குள் போய்க் கேட்ட மரபு ஒன்று நம் மண்ணில் வளர்ந்தது. அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் செலுத்தவில்லை என்பது என் ஆதங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்தவர். 1916-இல் அவர் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் நிலம், கடன், கூலி விவரங்கள் 1918-இல் நூலாயின.

அந்த நூலைவிடப் பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் அதே ஊர்களுக்குப் போனார்கள். நெல்விலை சரிந்து கடன் கழுத்தை இறுக்கிய காலம் அது. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் முதலியோரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். ஊரையே கட்டியாண்ட பெருநிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்த கதை இப்படித்தான் நமக்குக் கிடைத்தது. வெளியூர் வேலையும் ரேஷன் அரிசி போன்ற அரசு உதவிகளும் கூலிக்காரருக்கு வேறு வழி திறந்ததை ஒருமுறை மட்டும் போய் வந்தவரால் கண்டிருக்க முடியாது.

தஞ்சைப் பக்கத்து ஆய்வுப் பள்ளி வேறு. 1951-53-இல் ஆய்வு செய்து 1976-இல் திரும்பிவந்த கேத்லீன் கஃப், சாதியையும் வர்க்கத்தையும் பிரிக்காமல் படித்தார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இலேயே வந்தும் நிலமற்ற கூலிகளின் பங்கு கூடியிருந்ததை அவர் பதிவு செய்தார். கூலியைச் சந்தையின் விலையாக மட்டும் பார்ப்பவர்கள் வெண்மணியை நினைக்க வேண்டும். நெற்கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவில் அங்கே 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அந்த வட்டாரத்தில் கூலி தாழ்ந்திருந்ததற்கு மிராசுதாரரின் பலமும் காரணம்.

ஆய்வுப் பள்ளிகள் நேருக்கு நேர் மோதிய இடம் வட ஆர்க்காடு. 1973-74-இல் பி. எச். ஃபார்மர் தலைமையில் வந்த கேம்பிரிட்ஜ் குழு, கிணறும் மோட்டாரும் கடன் வசதியும் உள்ளவருக்கே புதிய நெல் ரகங்கள் பெரிதும் கைகொடுத்தன என்று கண்டது. பத்தாண்டுக்குப் பின் அதே பகுதியை ஆராய்ந்த பீட்டர் ஹேசலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் சிறு விவசாயிகளும் கூலிகளும்கூட நன்றாகவே முன்னேறினார்கள் என்றார்கள். யார் சொன்னது சரி என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டையும் நேர்மையான ஆய்வாகவே கருதுகிறேன். முதலாவது, உரவிலை எகிறிய ஆண்டில் எடுத்த கணக்கு. இரண்டாவதில் ஒரு வறட்சி ஆண்டும் உண்டு. ஒரு போகத்து விளைச்சலை வைத்து ஏற்றத்தாழ்வின் காரணத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதைத் தமிழகத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய விவாதம் இல்லை.

நல்ல ஊராய்வுக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல், மீண்டும் அதே ஊருக்குப் போவது. அடுத்தது, செலவை மட்டும் கேட்டுத் திரும்பாமல் வருமானத்தையும் கேட்பது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-களிலிருந்து பெரும்பாலும் குடும்பச் செலவையே அளந்துவந்தது. பணக்காரர் செலவழிக்காத பணம் அந்தக் கணக்கில் தெரியாது. அதனால் நம் நாட்டு ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் குறைவாகத் தோன்றியது. ஆணின் கூலியும் பெண்ணின் கூலியும் தனித்தனியே பதிவாக வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணின் கூலியை ஆணின் உழவுக்கூலியோடு சேர்த்துச் சராசரி போட்டால், ஒரே வீட்டுக்குள் இருக்கும் இடைவெளி மறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டா எந்தச் சாதியின் கையில் இருக்கிறது என்ற கேள்வி வினாப்பட்டியில் இருந்தாக வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென 1892-இல் ஒதுக்க ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலத்தில் ஏராளம் பின்னர் பிறர் கைக்குப் போயிற்று. இனி எந்த ஊருக்குப் போகும் ஆய்வாளரும் ஒதுக்கீட்டுப் பதிவையும் இன்றைய அடங்கலையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண் வாரியாக ஒப்பிட்டுக் கைமாறிய ஆண்டைக் குறித்துவர வேண்டும்.