பீப் ஒலிக்கும் அடுத்த பீப் ஒலிக்கும் இடையில்

1982இல் ஆய்வாளர்கள் லேஜேயும் லாம்பேரும் வகுத்த 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம் கால்களுக்கானது. பீப் ஒலிப்பதற்குள் எதிர்க்கோட்டை எட்ட வேண்டும். போகப் போக வேகம் கூடும். இதன் வழிவந்த சோதனைகள் இன்று சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீரர்களின் தாக்குப்பிடிக்கும் திறனையும் அளக்கின்றன. ஆய்வகத்தில் கையால் பெடல் சுற்ற வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். வீரர் தம் சொந்த நாற்காலியில், தாம் ஆடும் தரையிலேயே இருக்கிறார், செலவும் குறைவு.

சிக்கல் திருப்பத்தில் இருக்கிறது. ஓடுபவர் ஒரு காலை ஊன்றித் திரும்பிவிடுவார். நாற்காலிக்காரர் ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, மறுசக்கரத்தைத் தள்ளி, இழந்த வேகத்தை மீட்க வேண்டும். வயிற்றுத் தசை இயங்காதவருக்கு அந்த நொடியில் உடலை நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. அவர் பின்தங்கினால் தோற்றது மூச்சா, இடுப்பா? தாளில் எழுதும் மீட்டர் கணக்கில் இதற்குப் பதில் இல்லை. திருப்பத்தின் கூர்மையைக் குறைக்க எண்கோணப் பாதை அமைத்ததும் இதனால்தான்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒரே சோதனையை இரண்டு முறை நடத்தி, இரு முடிவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.9ஐத் தாண்டினால் நம்பகமானது என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் உடல் இயக்கத் திறனைப் பொறுத்து, மிகக் குறைந்த 1.0 புள்ளி வகுப்பிலிருந்து மிக உயர்ந்த 4.5 வரை உள்ளவர்கள் ஒரே அணியில் ஆடுகிறார்கள். ஒருவர் 400 மீட்டரும் மற்றவர் 1,200 மீட்டரும் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். மறுவாரம் ஆளுக்கு 80 மீட்டர் முன்பின்னானாலும் வரிசை மாறாது. கெழு உயர்ந்தே நிற்கும். அணிக்குள் உள்ள வேற்றுமைதான் அந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கிறது. 400 மீட்டர்காரருக்கோ அந்த 80 மீட்டர் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மாதப் பயிற்சியில் அவர் 60 மீட்டர் கூடினால், அது முன்னேற்றமா, அன்றைய டயர் காற்றா, புதுக் கையுறையா, இறுக்கிக் கட்டிய பட்டையா என்று சொல்ல முடியாது.

இதயத் துடிப்பை வைத்துச் சரிபார்க்கலாமே என்பார்கள். ஆனால் கழுத்துத் தண்டுவடம் முற்றிலும் அறுபட்டவரின் உச்சத் துடிப்பு பெரும்பாலும் 130ஐத் தாண்டாது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் வாய்ப்பாட்டால் பார்த்தால், முழு மூச்சாக உழைத்தவரும் சோம்பியவராகத் தெரிவார்.

ஆகவே பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை, ஒரே நாற்காலியில், ஒரே காற்றழுத்தத்தில் சோதித்து, அவரவருக்குரிய பிழையளவை மீட்டரில் குறித்துவைக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டாத சரிவைக் காட்டி யாரையும் அணியிலிருந்து நீக்கக் கூடாது.