திரையை விலக்கிய வாத்தியார்

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கிராமம். பங்குனி மாத ராத்திரி. பத்து மணிக்கு என்று சொன்ன தெருக்கூத்து, பதினொன்றரைக்குத்தான் சூடு பிடித்தது. நான் பி.காம். படித்தவன். சும்மா உட்கார்ந்தாலும் மனசு கணக்குப் போடும். ஜமாவில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு தேறும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேடம் கட்டுகிற இடத்தில் வாத்தியார் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். பையன்களுக்கு அடவு சொல்லித் தருபவர் அவர். யாருக்கு எந்த வேஷம் என்று தீர்மானிப்பவரும் அவர். விடிய விடிய துரியோதனனாக ஆடப் போகிறவரும் அவரே. "ஐயா, கூத்துக்காரங்களைப் பத்தி ‘அவதாரம்’னு படம் வந்ததே, பாத்தீங்களா?" என்று கேட்டேன். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "நாசர் படம்தானே? வேஷம் கட்டுறவன் மனசு தெரிஞ்சு எடுத்திருக்காரு. ஆனா, கூத்தை முழுசா ஆட விடலியே சார்!"

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

நாசர் எழுதி இயக்கி நடித்த முதல் படம் அது. 1995-ல் வந்தது. கூத்துக் குழுவில் வேஷத்துக்காக ஏங்கும் வெள்ளந்தி மனுஷன் குப்புசாமியாக அவரே நடித்தார். கண் தெரியாத பொன்னம்மாவாக ரேவதி. வில்லன் பாசியாக, தமிழுக்கு அறிமுகமான பாலாசிங். இசை இளையராஜா. பாட்டுகள் இன்றைக்கும் ஓடுகின்றன. பாட்டைக் கேட்கிற பலருக்கு, அதைப் படம் எடுத்தவர் யார் என்று தெரியாது!

அதே 1995-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘பம்பாய்’ படத்தில் மகனின் காதலை ஏற்க மறுக்கும் இந்து அப்பா நாராயண பிள்ளை, நாசர்தான். ‘குருதிப்புனல்’ படத்தில் போலீஸ் காவலில் இருந்துகொண்டே போலீஸ்காரனை ஆட்டிவைக்கும் பத்ரியும் நாசர். நடுவில் குப்புசாமி. ஒரே வருஷத்தில் ஒரே முகம்தான். ஆனால் ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று ஞாபகத்துக்கு வரவில்லை. அவ்வளவு எடுப்பான, நீளமான அந்த மூக்கை எங்கே ஒளித்துவைக்கிறார்?

1985-ல் பாலசந்தரின் ‘கல்யாண அகதிகள்’ படத்தில் அறிமுகமானவர். நடிப்பை முறையாகப் படித்துவிட்டு வந்தவர். ‘தேவர் மகன்’ மாயன், ‘மகளிர் மட்டும்’ மேலதிகாரி, ‘அவ்வை சண்முகி’யில் ஊமை ஐயராக நடிக்கிற பாஷா, ‘எம் மகன்’ அப்பா, ‘பாகுபலி’யில் கை விளங்காத பிஜ்ஜலதேவன் என்று பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. இதில் எனக்குப் பிடித்தவர் பாஷாதான். ஊமையாக நடிக்கிறவன், எந்த நேரத்தில் வாய் திறந்துவிடுவோமோ என்று பயப்படுகிறான். அந்தப் பயத்தை வைத்தே சிரிக்க வைக்கிறார். இரண்டு வேஷத்தை ஒரே முகத்தில் கட்டுவது லேசுப்பட்ட வேலையா?

இப்படிப்பட்ட நடிகர், டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன ஆகிறார்? வாத்தியார் சொன்னது இங்கேதான் உறைக்கிறது. ‘அவதாரம்’ படத்தின் முதல் பாதியில் ஜமாவின் வாழ்க்கை இருக்கிறது. வேஷம் கிடைக்காதவனின் வெட்கம், கிரீடம் வைத்தவனின் திமிர் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. அதற்குமேல் சினிமா உள்ளே புகுந்துவிடுகிறது. பலாத்காரம், பழி, பழிவாங்கல். நரசிம்ம வேடத்தில் முடிகிற அந்தக் கடைசிக் கட்டம் மிரட்டுகிறது, சந்தேகமே இல்லை. ஆனால், அதுவரை வாழ்க்கையாக இருந்த கூத்து அங்கே கொலைக்கு ஒரு மேடையாகிவிடுகிறது. எனக்கு அது வருத்தம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ் சினிமாவில் கூத்து என்றால் பெரும்பாலும் ஒரு பாட்டுக்குப் பின்னணி. கூத்துக்காரனைக் கதையின் நடுவில் நிறுத்தி, அவன் அரிதாரம் பூசும் நேரத்தையும் காட்டலாம் என்று நினைக்கவே தனி தைரியம் வேண்டும். முதல் படத்திலேயே அந்த தைரியம் அவருக்கு இருந்தது.

அப்புறம் ‘தேவதை’ (1997), ‘மாயன்’ (2001), மோகன்லால் - சிம்ரனை வைத்து ‘பாப்கார்ன்’ (2003). எதுவும் ‘அவதாரம்’ அளவுக்கு மனசில் நிற்கவில்லை. நட்சத்திரங்கள் கூடக் கூட, நாசருக்கு மட்டுமே தெரிந்த அந்த மண் குறைந்துபோனது. நடிகர் நாசரோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறார். டைரக்டர் நாசருக்குத்தான் கால்ஷீட் இல்லை. என் கணக்குப்பிள்ளை புத்திக்கு, இதில் நஷ்டப்பட்டது நாம்தான் என்று படுகிறது.

ஜமாவில் ‘நீ நடிகனா, இயக்குநரா?’ என்று யாரும் கேட்பதில்லை. வாத்தியார் என்றால் இரண்டும்தான். அவர் ஆடாவிட்டால் பையன்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்? சினிமாவில் இரண்டுக்கும் தனித்தனி சம்பளம், தனித்தனி தலைவலி. நாசர் அங்கே வாத்தியாராக இருக்கப் பார்த்தார்.

அன்று ராத்திரி இரண்டு பேர் திரை பிடித்தார்கள். பின்னால் சலங்கைச் சத்தம். கட்டியக்காரன் கேலி பேசிக்கொண்டே இருந்தான். திரை விலகியதும், கண்ணாடி முன்னால் என்னிடம் பேசிய மனுஷனைக் காணோம். விடிகாலையில் முகம் கழுவிவிட்டு டீ குடிக்கும்போதுதான் திரும்ப வந்தார். "அவரு மறுபடியும் கூத்துப் படம் எடுத்தா சொல்லுங்க சார். இந்த முறை நாங்களே ஆடிக் குடுக்கறோம்" என்றார்.

சொல்லிவிட்டேன், நாசர் சார்.